கல்யாணக் கொடி பிடித்த கான்கிரீட் லாரி

மிலுங்கா அக்கா வாயைத் திறந்தால் அடுத்த பள்ளத்தாக்கில் பால் திரிந்துபோகும். அரில்யே ஊரில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். எங்கள் கான்கிரீட் பிளாண்டுக்கு வயர்லெஸ் வாங்கியதே வீண் என்பது என் கட்சி. ஜன்னலைத் திறந்து வைத்தால் போதும், மலைக்கு அந்தப் பக்கம் நிற்கிற லாரிக்கும் அவள் குரல் கேட்கும். மலைதான் கொஞ்சம் நகர்ந்து வழிவிட வேண்டியிருக்கும்.

பிளாண்டுக்கு வருவதற்கு முன் அவள் பஸ் கண்டக்டர். மேல் கிராமங்களுக்குப் போகிற ஒரே பஸ் அது. ராதோஷ் அண்ணன் ஓட்டுவார், இவள் டிக்கெட் கிழிப்பாள். ராதோஷ் அண்ணன் யார் சொல்லியும் கேட்டதில்லை. பெண்டாட்டி சொல்லிக் கேட்டதில்லை, பாதிரியார் சொல்லிக் கேட்டதில்லை, டாக்டர் சொன்னதற்கு நேர் எதிராகச் செய்துதான் இத்தனை வயது வரை இருக்கிறார். ஆனால் பின்னாலிருந்து மிலுங்கா அக்கா "ரைட், போலாம்!" என்று குரல் கொடுத்தால் அவர் கால் அவரைக் கேட்காமலேயே மிதித்துவிடும். எதிரே மாடு நின்றாலும் சரி, மாமியார் நின்றாலும் சரி.

அந்த பஸ் நின்றுபோனதும் அக்கா எங்கள் பிளாண்டில் ஜல்லி லாரிகளை எடை போடும் வேலைக்கு வந்தாள். அப்போது லாரிகளை அனுப்பிக்கொண்டிருந்தவர் ஒரு பெரியவர். வருஷக்கணக்காக ஜல்லியையே பார்த்துப் பார்த்து அவர் வயிற்றிலும் கல் வந்துவிட்டது. அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். போனவர் குணமாகி வந்து பார்த்தபோது மைக் இவள் கையில் இருந்தது. திருப்பிக் கேட்க அவருக்குத் தைரியம் வரவில்லை. எங்கள் முதலாளி ஒப்ராடுக்கும் வரவில்லை.

எந்த லாரி, எப்போது, எந்த ரோட்டில், யார் வீட்டுக்கு என்று சொல்வதுதான் அவள் வேலை. கேட்டால் சுலபம். ஆனால் மிக்சர் லாரியின் உருளைக்குள் கான்கிரீட் இறங்கிவிட்டால் சுமார் ஒன்றரை மணி நேரம்தான் கெடு. அதற்குள் கொட்டவில்லையென்றால் அது லாரி இல்லை, சக்கரம் வைத்த பாறை. ஒரு தடவை அப்படி ஆகியிருக்கிறது. ஒரு கல்யாண ஊர்வலத்துக்குப் பின்னால் மாட்டிக்கொண்டது லாரி. அப்புறம் உருளைக்குள் ஆளை இறக்கி, உடைக்கிற மிஷின் கொடுத்து, ஒரு வாரம் உடைக்க வைத்தார்கள். இறங்கிய ஆள் நான்தான். இன்றைக்கும் சர்ச் மணி அடித்தால் என் பல்லெல்லாம் சேர்ந்து அடிக்கிறது.

அக்காவின் மேஜையில் செர்ரிப்பழப் படம் போட்ட ஒரு பழைய மெழுகுத்துணி விரித்திருக்கும். அதில் ரோடுகளைப் பேனாவால் கிறுக்கி வைத்திருந்தாள். லாரிகள் எல்லாம் பாட்டில் மூடிகள். லாரி நகர நகர அவளும் மூடியை நகர்த்துவாள். நல்ல டிரைவர்களுக்கெல்லாம் பீர் மூடி. எனக்கு மட்டும் சோடா மூடி.

"ஏன் அக்கா எனக்கு மட்டும் சோடா?" என்று கேட்டேன்.

"தொறந்ததும் புஸ்ஸுன்னு சத்தம் வரும், அப்பறம் ஒண்ணும் இருக்காது. நீ அப்படித்தானடா விடோயே" என்றாள்.

அவள் கணக்கில் ரோடு மட்டும் இருக்காது, ரோட்டில் நடப்பதெல்லாம் இருக்கும். யார் எப்போது ஆடு ஓட்டிக்கொண்டு குறுக்கே வருவாள், எந்தப் பாதிரியார் பிரசங்கத்தை இழுப்பார், எல்லாம் தெரியும். எங்கள் பக்கம் வீட்டுத் தளம் போடும் நாளில் வீட்டுக்காரன் ஆட்டை நெருப்பில் சுடாமல் இருக்க மாட்டான். டிரைவர் சாப்பிடாமல் போனால் தளம் இடிந்துவிடும் என்று அவன் நினைப்பு. அதனால் அக்கா ஒவ்வொரு நடைக்கும் கறி தின்கிற நேரத்தையும் சேர்த்தே வைப்பாள். நேரம் முடிந்த அந்த நொடியில் வயர்லெஸ் அலறும்: "விடோயே, எலும்ப கீழ வை. கெளம்பு!" நான் எலும்போடு இருப்பது அங்கேயிருந்து எப்படித் தெரியும் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

இப்படிப்பட்டவள் ஒரு தடவை தப்பு செய்தாள். அந்தக் கதையைத்தான் சொல்ல வந்தேன்.

எங்கள் ஊரில் ராஸ்ப்பெரி பயிர் செய்யாதவன் என்றால் அவன் செத்துப்போனவனாகத்தான் இருக்க வேண்டும். மிலுங்கா அக்காவுக்கும் விசோகா கிராமத்தில் தோட்டம் உண்டு. பழம் பறித்த அன்று சாயங்காலமே விற்றாக வேண்டும், இல்லையென்றால் காலையில் கூழ். அதனால் வியாபாரி லாரி வந்து நின்று சொல்கிறதுதான் விலை. இதைப் பொறுக்க முடியாமல் விசோகா தோட்டக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து பழத்தைக் கெடாமல் வைக்கச் சொந்தமாகக் குளிர்கிட்டங்கி கட்ட ஆரம்பித்தார்கள். சுவர் எழும்பிவிட்டது, கூரையும் போட்டாகிவிட்டது. தரைக்குப் போடுகிற தளம்தான் பாக்கி. நீளமான தளம், ஒரே மூச்சில் போட வேண்டும். நடுவில் கான்கிரீட் வரத் தாமதமாகி, பழசும் புதுசும் ஒட்டாமல் ஜாயிண்ட் விழுந்தால், அந்த வெடிப்பில் குளிர் இறங்கித் தளத்தையே தூக்கிவிடும். உடைத்துவிட்டு மறுபடி போட வேண்டியதுதான். அதற்குள் பழம் பழுத்து, வியாபாரி வந்து, அந்த வருஷமும் போய்விடும்.

கான்கிரீட்டை இழுத்துக் கொட்டுகிற நீளக்கை பம்பு ஒன்றுதான் இந்தப் பக்கத்துக்கே. அது மே மாதத்தில் ஒரே ஒரு சனிக்கிழமைதான் கிடைத்தது. முதலாளி ஒப்ராட் மாட்டவே மாட்டேன் என்றார்.

"சனிக்கிழமைன்னா கல்யாணம். கல்யாணம்னா என் லாரி ரோட்ல நிக்கும். மறந்துட்டியா மிலுங்கா? விடோயேவ உள்ள எறக்கி ஒடச்சோமே!"

"எல்லாக் கல்யாணமும் எனக்குத் தெரியும். எவன் எந்தப் பந்தல் வாடகைக்கு எடுத்திருக்கான், எந்த பேண்டு எங்க வாசிக்குது, எல்லாம் தெரியும். லாரிய குடுங்க."

"ஜாயிண்ட் விழுந்தா?"

"மைக்க கழட்டி உங்க கையில குடுத்துட்டு பழம் பறிக்கப் போயிடறேன். மறுபடி அதே வியாபாரிக்குத்தான் விக்கணும். என் பழத்த நானே பறிச்சு நானே அழுதுக்கறேன்."

முதலாளி என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். லாரிகள் கிடைத்தன.

விசோகாவுக்கு இரண்டு ரோடு. ஆற்றோரம் போகிற கீழ்ரோடு அகலமானது. மேடேறிப் போகிற மேல்ரோடு, எருமை படுத்தால் அடைத்துக்கொள்ளும் அகலம். அந்தச் சனிக்கிழமை இரண்டு கல்யாணம். ஒன்று ஆற்றோரக் கிராமத்தில். இன்னொன்று விசோகாவிலேயே, தூன்யா என்ற பெண்ணுக்கு. மாப்பிள்ளை டவுன்காரன், அவன் வீட்டுக்கும் விசோகாவில் தோட்டம் இருந்ததால் கிட்டங்கியில் பங்கு உண்டு. மாப்பிள்ளையைப் பெண் வீட்டுக்குக் கூட்டிப் போகிற கார் ஊர்வலத்துக்குத் தலைவர் நம்ம ராதோஷ் அண்ணன். அவரே சாராயக் குடுவையில் மாலை கட்டிக்கொண்டு வந்து அக்காவை அழைத்தார். அக்காவும் ஒரு மடக்குக் குடித்து "வரேன்" என்று வாக்குக் கொடுத்தாள். போட்டுக்கொண்டு போக நீலக் கவுனை ஆபீஸ் கதவுக்குப் பின்னால் மாட்டி வைத்திருந்தாள்.

இரண்டு ஊர்வலமும் கீழ்ரோட்டில்தான் போகும், பட்டுச் சட்டை போட்டவன் எவன் மேல்ரோட்டுக் குழியில் கார் விடுவான் என்பது அக்கா கணக்கு. ஆகவே மிக்சர் லாரிகள் எல்லாம் மேல்ரோடு. நிரம்பினது ஏறும்போது காலியானது வால்நட் மரத்து வளைவில் ஒதுங்கி நிற்கும். கணக்கு அவ்வளவு அழகு.

காலையில் எல்லாம் வெண்ணெயாகப் போயிற்று. தளத்தில் பாதிக்கு மேல் நிரம்பிவிட்டது. நான் இரண்டாவது நடை ஏறிக்கொண்டிருந்தேன். எனக்குப் பின்னால் இன்னும் இரண்டு லாரி. ஒரு வளைவு திரும்பினேன். முன்னால் டிரம்பெட் சத்தம்.

"அக்கா, முன்னாடி கல்யாணம்."

"கல்யாணம் கீழ்ரோட்லடா. குடிச்சிருக்கியா?"

"நான் குடிக்கல. முன்னாடி இருக்கறவங்கதான் குடிச்சிருக்காங்க. நீயே கேளு." மைக்கை ஜன்னலுக்கு வெளியே நீட்டினேன்.

வயர்லெஸ்ஸில் பாட்டில் மூடிகள் மேஜையிலிருந்து உருண்டு விழுகிற சத்தம் வந்தது.

"யாரோட ஊர்வலம்?"

"தூன்யா வீட்டுக்குப் போறவங்க. மொத கார்ல ராதோஷ் அண்ணன்."

"ஐயோ! என் தலையில நானே ஜல்லிய கொட்டிக்கிட்டனே!"

எனக்கும் அப்போதுதான் உறைத்தது. கல்யாண ஊர்வலத்துக்கு எதிரே இன்னொரு கல்யாண ஊர்வலம் வரவே கூடாது. அப்படி வந்தால் ஒரு மணப்பெண்ணின் அதிர்ஷ்டத்தை இன்னொருத்தி எடுத்துக்கொண்டு போய்விடுவாள். தொட்டில் குழந்தைக்குத் தெரிந்த விஷயம் இது. கீழ்ரோட்டில் ஒரு கல்யாணம் இருக்கிறதென்றால் ராதோஷ் அண்ணன் மேல்ரோட்டுக்குத்தான் திருப்புவார். ஆட்டு மந்தை முதல் பிரசங்கம் வரை கணக்கு வைத்தவள் இதை விட்டுவிட்டாள். இரண்டு ஊர்வலத்தையும் ஒரே ரோட்டில் ஒன்றன்பின் ஒன்றாக விட அவை என்ன பஸ்ஸா?

ஹாரன் அடித்தேன். சந்தோஷமாகத் திருப்பி அடித்தார்கள். இன்னும் பலமாக அடித்தேன். 'ஆகா, என்ன உற்சாகம்!' என்று காரை நிறுத்தி இறங்கிக் கை கோத்து ஆட ஆரம்பித்துவிட்டார்கள். ஒரு அம்மாள் குடுவையோடு என் ஜன்னலுக்கு வந்துவிட்டாள். கல்யாணக் குடுவையை வேண்டாம் என்று சொன்னால் ஏழு தலைமுறைக்குப் பகை.

"அக்கா, சாராயம் குடுக்கறாங்க. என்ன செய்ய?"

"ஒதட்ல வெச்சுட்டு சட்டைக்குள்ள ஊத்து. ஒரு சொட்டு உள்ள போச்சு, உன்ன மறுபடி உருளைக்குள்ள எறக்குவேன்."

ஊற்றினேன். பிளம் சாராயம் தொப்புள் வழியாக இறங்கிப் போனது. வீணாகப் போனதை நினைத்து என் கண்ணில் தண்ணீர் வந்தது. அந்த அம்மாள் அதை ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்துக்கொண்டாள்.

அதற்குள் கிட்டங்கியிலிருந்து மேஸ்திரி திஹோமிர் வயர்லெஸ்ஸில் வந்தான். "மிலுங்காக்கா, ஓரம் எறுக ஆரம்பிக்குது. ஈரச்சாக்கு போட்டு மூடியிருக்கேன். சாக்கு கான்கிரீட் ஆகாதுக்கா, சீக்கிரம் அனுப்பு."

"வருது திஹோமிர், வருது. டேய் விடோயே, போய் ராதோஷ் அண்ணன கூட்டிட்டு வா."

ஓடினேன். அவர் ஆட்டத்துக்கு நடுவில் கைக்குட்டையைச் சுழற்றிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, உங்கள கூப்பிடறாங்க."

"யாரு? நான் ஊர்வலத் தலைவன். இன்னிக்கு என்னை யாரும் கூப்பிட முடியாது."

"உங்க கண்டக்டர்."

தொப்பியை நேராக்கிக்கொண்டு பின்னாலேயே வந்தார். மைக்கை அவர் கையில் கொடுத்தேன்.

"என்னா மிலுங்கா? குடுவைல குடிச்சிட்டு நீ வரல, லாரிய அனுப்பியிருக்க?"

"வரேண்ணே. மொதல்ல லாரிக்கு வழி விடுங்க."

"நடக்காது. கல்யாணத்த முந்திக்கிட்டு ராணுவத் தளபதியே போக முடியாது. பின்னாடியே வரச்சொல்லு."

"முந்த வேணாம். நான் கேக்கறதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. கல்யாணத்துல எல்லாருக்கும் முன்னாடி யார் போகணும்?"

"இது தெரியாதா? கொடிக்காரன்."

"உங்க கொடிக்காரன் எங்க?"

ராதோஷ் அண்ணன் திரும்பிப் பார்த்தார். கொடிக்காரன் உக்லேஷா ஒரு குட்டிக் காருக்குள் மடங்கிக் கிடந்தான். ஆள் ஆறடிக்கு மேல், கொடிக்கம்பு அதைவிட நீளம். கம்பு கண்ணாடி வழியாகக் குறுக்கே நீட்டிக்கொண்டிருந்தது.

"நாலாவது கார்ல" என்றார், குரலை இறக்கி.

"நாலாவது கார்லயா? தூன்யா வீட்டு வாசலுக்கு வெளக்கமாறு நீட்டிக்கிட்டா போவீங்க? உங்க பக்கத்துல நிக்குது பாருங்க லாரி. அதவிட உசரமா இந்த ஜில்லாவுல சர்ச் கோபுரம்தான் இருக்கு. கொடிய அதுல ஏத்துங்க. லாரி கல்யாணத்த முந்தாது. கொடிதான் முன்னாடி போகும். அதுதான முறை?"

அவர் லாரியைக் கீழிருந்து மேல் வரை பார்த்தார். முகம் மெல்ல மலர்ந்தது. இருந்தாலும் ராதோஷ் அண்ணன் ஆயிற்றே.

"பூவேலத் துண்டு கட்டாத வண்டி கல்யாண ஊர்வலத்துல வராது."

"கட்டுங்க! இதுக்கும் கட்டுங்க, பின்னாடி நிக்கற ரெண்டுக்கும் கட்டுங்க, இன்னும் வரப்போற எல்லாத்துக்கும் சேத்து குடுத்தனுப்புங்க. மாப்பிள்ள வீட்டு பழமும் அந்தத் தளத்துலதாண்ணே நிக்கப்போவுது. ஓரம் எறுகுது. மீதி ஆட்டத்த பொண்ணு வீட்ல ஆடுங்க."

அவர் இன்னும் யோசித்துக்கொண்டிருந்தார். அப்போது வயர்லெஸ்ஸில் அந்தக் குரல் வந்தது, பஸ்ஸின் பின்வாசலிலிருந்து வருவது போலவே:

"ரைட், போலாம்!"

மனுஷன் துள்ளி ஓடினார். காருக்குள் ஏறி, மிதித்து, நேராகப் புல்வெளியில் இறக்கிவிட்டார். அவர் பின்னாலேயே மற்ற கார்களும் கோழிக்குஞ்சு மாதிரி ரோட்டை விட்டு இறங்கின. பெண்கள் தங்கள் கார்களிலிருந்து பூவேலைத் துண்டுகளை அவிழ்த்து மூன்று லாரிகளின் பக்கக் கண்ணாடிகளிலும் கட்டினார்கள். உக்லேஷா என் பக்கத்தில் ஏறி, ஜன்னல் வழியாகக் கொடியை நிமிர்த்திப் பிடித்தான். முதல் தடவையாக அவன் முட்டி நீண்டது. "அண்ணே, இதுவல்லவா வண்டி!" என்றான்.

போனோம் பாருங்கள். முன்னால் கொடியோடு நான், பின்னால் துண்டு கட்டிய இரண்டு மிக்சர், அதற்குப் பின்னால் ஊர்வலம், டிரம்பெட், துப்பாக்கி வேட்டு. உருளை சுற்றுகிற சுற்றில் பேண்டுக்காரர்களே தாளம் தப்பி எங்கள் தாளத்துக்கு வந்துவிட்டார்கள். எதிரே வந்த டிராக்டர் பள்ளத்தில் இறங்கி வழிவிட்டது. வைக்கோல் வண்டிக்காரர் ஒருவர் தொப்பியைக் கழற்றி, "மணப்பொண்ணு எங்கடா?" என்று கத்தினார்.

"உருளைக்குள்ள! தல சுத்துதாம்!" என்றேன். அவர் சிலுவை போட்டுக்கொண்டார்.

கிட்டங்கி வாசலில் திஹோமிர் எங்களைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டான். பிறகு என் பக்கத்தில் வந்து மோந்தான். "சாராயத்துல குளிச்சியா?"

"குளிச்சேன். குடிக்கல. கொட்டட்டுமா வேணாமா?"

சாக்கை விலக்கி விரலால் குத்திப் பார்த்தான். விரல் இறங்கியது. "கொட்டு! கொட்டு!" என்று குதித்தான். பம்பு இழுத்தது. புதுக் கான்கிரீட் பழையதன் மேல் ஏற, வைப்ரேட்டரை விட்டு இரண்டையும் ஒன்றாகக் கலக்கினார்கள். எது எங்கே முடிந்தது, எது எங்கே ஆரம்பித்தது என்று கடவுளே இறங்கி வந்தாலும் காட்ட முடியாது.

அப்புறம் நாள் முழுக்க எங்களுக்கு ராஜயோகம். கல்யாணத் துண்டு கட்டிய வண்டிக்கு யார் வழிவிட மாட்டார்கள்? முச்சந்தியில் போலீஸ்காரர் எல்லா வண்டியையும் நிறுத்தி எங்களை விட்டார். நான் மூன்றாம் தடவை போனபோது அவரால் தாங்க முடியவில்லை. "எத்தன பொண்ணுடா அந்த ஊர்ல?" என்றார். இந்தத் தடவை அக்காவும் கோட்டை விடவில்லை. காலி லாரி பிளாண்டுக்குத் திரும்பும் முக்கில் வயர்லெஸ் வந்தது: "எல்லாரும் துண்ட அவுத்து சீட்டுக்கு அடியில வைங்க. ஆத்தோரக் கல்யாணம் தாண்டுது. அந்தப் பொண்ணு அதிர்ஷ்டத்த கான்கிரீட் லாரி எடுத்துக்கிட்டு வந்துடப்போவுது."

கடைசி லோடு என்னுடையது. அக்கா மெழுகுத்துணியில் இருந்த மூடிகளையெல்லாம் ஓரம் கட்டிவிட்டு, நீலக் கவுனைப் போட்டுக்கொண்டு, காலில் ரப்பர் பூட்ஸோடு வந்து என் பக்கத்தில் ஏறினாள். வழியெல்லாம் உதட்டைக் கடித்துக்கொண்டே வந்தாள். நான் ஜோக் சொன்னேன், சிரிக்கவில்லை. அதனால் பயந்துபோய் நானும் ஒழுங்காக ஓட்டினேன்.

கடைசிப் பிடி கான்கிரீட் அந்தக் கோடிச் சுவரைத் தொட்டது. திஹோமிர் மட்டப்பலகையை இழுத்துக்கொண்டே பின்னுக்கு வந்து வாசலில் நிமிர்ந்தான். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஈரமாக, சாம்பல் நிறத்தில், ஒரே தகடாக மின்னியது தளம்.

"எங்க ஜாயிண்ட்?" என்றாள் அக்கா.

"நீதான் கொண்டு வரலியே" என்றான் திஹோமிர்.

அவ்வளவுதான். அக்கா இரண்டு விரலை வாயில் வைத்து ஒரு விசில் அடித்தாள். பஸ் கண்டக்டர் விசில். எனக்கு இடது காதில் இன்னும் பாதிதான் கேட்கிறது. அந்தச் சத்தத்துக்குப் பெண் வீட்டிலிருந்து மொத்தக் கல்யாணமும் இறங்கி வந்துவிட்டது. தூன்யா வெள்ளைப் பாவாடையைக் கையில் தூக்கிக்கொண்டு முன்னால் ஓடிவந்தாள். பேண்டு வாசித்தது. தளத்தில் கால் படக் கூடாது என்பதால் கிட்டங்கியைச் சுற்றிக் கை கோத்து ஆடினார்கள். தோட்டக்காரர்கள், பம்புக்காரன், போலீஸ்காரர்கூட, டியூட்டி முடிந்து, எத்தனை பெண் என்று எண்ணிப் பார்க்க வந்திருந்தார். ராதோஷ் அண்ணன் குடுவையை அக்கா கையில் கொடுத்தார். அவள் சட்டைக்குள் ஊற்றவில்லை. ஆட்டத்தில் முதல் ஆளாக நீலக் கவுனும் ரப்பர் பூட்ஸுமாக அவளே நின்று இழுத்தாள். பூட்ஸ் மண்ணை வாரி இறைத்ததில் பாதிப் பேருக்குக் கண் தெரியவில்லை, ஆனாலும் யாரும் கையை விடவில்லை.

திங்கட்கிழமை முதலாளி ஒப்ராட் வந்து மேஜைக்கு முன்னால் நின்றார். "மைக்க குடுக்கறேன்னியே" என்றார்.

"இந்தாங்க" என்று நீட்டினாள். அவர் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார். இப்போது எங்கள் ஒவ்வொரு லாரி சீட்டுக்கு அடியிலும் ஒரு பூவேலைத் துண்டு இருக்கிறது. முதலாளியே வாங்கிக் கொடுத்தது. சனிக்கிழமை ஆர்டர் வந்தால் இப்போது அவர்தான் முதலில் தலையாட்டுகிறார்.

ஜூன் கடைசியில் பழம் பழுத்தது. வியாபாரி லாரி விசோகாவுக்கு வந்து, கொஞ்ச நேரம் நின்று, யாரும் வராததால் திரும்பிப் போனது. தோட்டக்காரர்கள் பெட்டிகளோடு கிட்டங்கி வாசலில் கூடினார்கள். கதவைத் திறந்ததும் ஜனவரி மாசம் வெளியே வந்து எட்டிப் பார்த்தது. முதல் பெட்டியை மிலுங்கா அக்காதான் வைக்க வேண்டும் என்றார்கள். அவள் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, பையிலிருந்து ஒரு பாட்டில் மூடியை எடுத்தாள். விளிம்பில் நிறுத்திக் கட்டைவிரலால் சுண்டிவிட்டாள்.

மூடி உருண்டது. தளத்தின் நடுவழியாக, எங்கேயும் தட்டாமல், எங்கேயும் தடுமாறாமல், ஓடி ஓடி, அந்தக் கோடிச் சுவரில் போய் 'டிங்' என்றது.

என் சோடா மூடிதான். நானே போய் எடுத்து வந்தேன்.